மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் ஒரு வளையம்

எங்கள் வட்டார ரயில்வேயின் வரைபடத்தை விரித்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு தொப்பைதான். கிழக்கிலிருந்து குச்சி போல நேராக வரும் பாதை, மேட்டு ஸ்டேஷனைத் தாண்டியதும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பெரிய சுற்றுச் சுற்றும். பிறகு யாரோ பார்த்துவிட்டது போல மூச்சை உள்ளே இழுத்து நேராகி, பள்ளத்து ஸ்டேஷனில் போய் நிற்கும். இடையில் மலை இல்லை, ஆறு இல்லை. மேடு, பள்ளம் என்று பெயர் பெத்த பெயரே தவிர, இரண்டுக்கும் உயர வித்தியாசம் ஓர் ஆள் மட்டம்கூட இருக்காது.

ரயில்வேயின் நூற்றாண்டு மலரை எழுத என்னை அமர்த்தியபோது, பொது மேலாளரிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இயற்கையோடு இயைந்த வளைவு. நிறுவனர் ஒரு தீர்க்கதரிசி. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். இயைவதற்கு அங்கே என்ன இயற்கை இருக்கிறது என்ற சந்தேகம் மட்டும் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மலரின் முதல் அத்தியாயம் அவருடைய வாழ்த்துச் செய்தி. இரண்டாவது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. ரயில் மூன்றாவது அத்தியாயத்தில்தான் புறப்பட வேண்டும் என்று உத்தரவு.

கல்லை எடுத்துப் போட்டவர் மேட்டு ஸ்டேஷன் மாஸ்டர். எல்லோருக்கும் அவர் மாஸ்டரம்மா. ஒரு மேசை, இரண்டு தொலைபேசி, ஜன்னலோரம் ஒரு சிவப்பு இரும்புப் பெட்டி, மூலையில் தேநீர்க் கெட்டில், இவ்வளவுதான் அவருடைய அறை. நான் வளைவைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"இயற்கையா? சம்பந்திச் சண்டை சார் அது. நடுவுல இருந்த தோப்பு நிறுவனரோட சம்பந்திக்குச் சொந்தம். கல்யாணத்துல தன்னை ரெண்டாவது வரிசையில உக்கார வெச்சுட்டாங்கன்னு அந்த மனுஷனுக்குக் கோவம். 'என் பொணத்து மேலதான் உன் ரயில் போகணும்'னுட்டார். இவர் என்ன பண்ணுவார்? தோப்பைச் சுத்திப் போட்டார். ஊருக்கே தெரியும். மலர்லதான் வராது."

"தோப்பு இப்போ?"

"தோப்பும் இல்ல, சம்பந்தியும் இல்ல. வளைவு மட்டும் இருக்கு. கோவத்துக்குத்தான் ஆயுசு ஜாஸ்தி."

அதற்குப் பிறகு தலைமை அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. தினமும் மேட்டு ஸ்டேஷனுக்குப் போய், எதைப் பார்த்தாலும் இது என்ன, அது ஏன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சிவப்புப் பெட்டியைப் பற்றியும் அப்படித்தான் கேட்டேன்.

மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒற்றைத் தண்டவாளம். ரயில்கள் இரண்டு பக்கமிருந்தும் வர வேண்டும், ஒரே சமயத்தில் மட்டும் வந்துவிடக் கூடாது. அதனால் இரண்டு ஸ்டேஷனிலும் ஒவ்வொரு பெட்டி, இரண்டையும் இணைத்து ஒரு கம்பி. பெட்டிக்குள் உள்ளங்கை அளவு பித்தளை டோக்கன்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் 'மேடு – பள்ளம்' என்று பொறித்திருக்கும். ஒன்றை வெளியே எடுத்தால் இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். எடுத்த டோக்கன் ஏதாவதொரு பெட்டிக்குள் திரும்பப் போகிற வரைக்கும் அடுத்ததை எடுக்க முடியாது. அந்த ஒற்றை டோக்கனைத் தோல் பைக்குள் போட்டு, பையைப் பிரம்பு வளையத்தில் மாட்டி டிரைவரிடம் கொடுப்பார்கள். அது கையில் இல்லாத டிரைவர் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தக் கூடாது.

"வீட்டுல ஒரே ஒரு குடை இருக்கிற மாதிரி சார்," என்றார் மாஸ்டரம்மா. "யார் கையில இருக்கோ அவங்கதான் மழையில வெளிய போகலாம்."

பெட்டியில் ஒரு குமிழும் உண்டு. இங்கே அழுத்தினால் பள்ளத்தில் மணி அடிக்கும். வண்டி புறப்பட்டது, வந்து சேர்ந்தது, எல்லாவற்றுக்கும் இத்தனை அடி என்று கணக்கு. மாஸ்டரம்மா அடித்து முடித்ததும் ஒரு விநாடி நிறுத்தி, கடைசியில் இன்னோர் அடி அடிப்பதைக் கவனித்தேன்.

"அது எதுக்கு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது விதியில இல்ல. சாப்பிட்டாச்சான்னு அர்த்தம். பதிலுக்கு ரெண்டு அடி வந்தா ஆச்சு, ஒண்ணு வந்தா இன்னும் இல்ல."

பள்ளத்து ஸ்டேஷன் மாஸ்டர் அவருடைய கணவர்.

கல்யாணமான நாளிலிருந்து ஒரே தண்டவாளத்தின் இரண்டு முனையில்தான் குடித்தனம். ஒருவருக்கு விடுப்பு என்றால் மற்றவருக்கு வேலை. மகள் ஒரு வாரம் மேட்டில், ஒரு வாரம் பள்ளத்தில். நாள் முழுக்கப் போனில் பேசிக்கொள்வார்கள், அதுவும் ரயிலை விட 'லைன் கிளியர்' என்ற அனுமதி பற்றி.

"கூட்ஸ் விடலாமா, மாஸ்டர்?"

"விடுங்க மாஸ்டர். நேத்து கரண்ட் பில் கட்டினீங்களா?"

"லைன் கிளியர் கேட்டா லைன் கிளியர் மட்டும் சொல்லணும்."

"கட்டலைன்னு புரியுது. கூட்ஸை விடுங்க."

இருவரையும் ஒரே ஸ்டேஷனில் போடச் சொல்லி விண்ணப்பித்து விண்ணப்பித்து, ஒருவழியாக நூற்றாண்டு விழா அன்று விருந்து முடிந்ததும் கையெழுத்துப் போடுவதாகப் பொது மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார். எனக்கு ஒரு சந்தேகம்.

"ஒரே ஸ்டேஷன்னா ஒரு ஷிஃப்டுக்கு ஒரு மாஸ்டர்தானே? நீங்க வேலைக்கு வரும்போது அவர் தூங்கப் போவாரே?"

"போகட்டுமே சார். அவர் தூங்கறதையாவது கண்ணால பாக்கறேன். இதுவரைக்கும் குறட்டையைக்கூடப் போன்லதான் கேட்டிருக்கேன்."

விழா அன்று மேட்டு ஸ்டேஷனை அடையாளம் தெரியவில்லை. தண்டவாளத்து ஜல்லிக்குக்கூட வெள்ளை அடித்திருந்தார்கள். பேண்டு வாத்தியம், சிவப்புக் கம்பளம், மேடையில் நாற்காலிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் சிறப்பு விருந்தினர். துறையின் மிகப் பெரிய அதிகாரி அவர். ஓய்வு பெறவிருந்த பொது மேலாளருக்குப் பதவி நீட்டிப்புக் கொடுக்கும் கோப்பு அவருடைய மேசையில்தான் இருந்தது. அதனால் அன்று பொது மேலாளரின் முதுகெலும்பு ரப்பரால் ஆனது போல எப்படி வேண்டுமானாலும் வளைந்தது. அதுவும் இயற்கையோடு இயைந்த வளைவுதான்.

விருந்தினருக்கு நினைவுப் பரிசாக ஒரு டோக்கன் செய்யச் சொல்லியிருந்தார். "அச்சு அசலா இருக்கணும்" என்று பணிமனைக்கு உத்தரவு. அதே பித்தளை, அதே தோல் பை, அதே பிரம்பு வளையம். பொறித்திருந்த எழுத்து மட்டும் வேறு. அதை வைக்க ஒரு வெல்வெட் பெட்டி.

நிகழ்ச்சி நிரல்படி விருந்தினருக்குப் பரிசு கொடுத்துவிட்டு, பொது மேலாளர் தன் கையாலேயே சிறப்பு ரயிலின் டிரைவரிடம் வளையத்தைக் கொடுப்பார். அந்த ரயிலில் பரிவாரத்தோடு பள்ளத்துக்குப் போய், உடனே திரும்பி வந்து விருந்து. விருந்தினருக்கு வேறு விழா இருந்ததால் அவர் காரில் கிளம்பிவிடுவார்.

மாஸ்டரம்மா பெட்டியிலிருந்து டோக்கனை எடுத்தார், வாசித்தார், பையில் போட்டுப் பொது மேலாளரிடம் கொடுத்தார். அவர் டிரைவரிடம் கொடுத்தார். டிரைவரும் பையைத் திறந்து வாசித்துத் தலையசைத்தார். இதுவரை எல்லாம் விதிப்படி.

அப்போது போட்டோகிராபர், "சார், கண்ணை மூடிட்டீங்க. இன்னொரு தடவை," என்றான்.

டிரைவர் வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுபடி கொடுத்தார்கள். வெயில் முகத்தில் விழுகிறதாம், மறுபடி. விருந்தினர் வளையத்தோடு நின்றால் நன்றாயிருக்குமாம். பெட்டியிலிருந்து பரிசையும் எடுத்தார்கள். இருவர் கையிலும் வளையம். கை குலுக்குவதற்காக இரண்டையும் உதவியாளரிடம் கொடுத்தார்கள், வாங்கினார்கள், இடம் மாறி நின்றார்கள், சிரித்தார்கள். கடைசியில் ஒரு வளையம் டிரைவரிடம் போயிற்று, ஒன்று வெல்வெட் பெட்டிக்குள் போயிற்று. மறுபடி பையைத் திறந்து பார்க்கலாமா என்பது போல டிரைவர் கையைக் கொண்டுபோனார். "நான் கொடுத்ததைச் சோதிக்கிறியா?" என்று பொது மேலாளர் ஒரு பார்வை பார்த்தார். பேண்டு முழங்கியது. ரயில் புறப்பட்டது.

சற்று நேரத்தில் பள்ளத்துப் போன் அடித்தது.

"என்னங்க?" என்றார் மாஸ்டரம்மா.

"மாஸ்டர் பேசறேன்."

மாஸ்டரம்மா எழுந்து நின்றுவிட்டார். அந்தக் குரலில் பேசினால் பக்கத்தில் அதிகாரி நிற்கிறார், இல்லை ஏதோ கவிழ்ந்திருக்கிறது என்று அர்த்தமாம். அன்று இரண்டும். குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஸ்பெஷல் வந்துடுச்சு. டோக்கன் வரலை."

"விளையாடாதீங்க. நானே படிச்சுப் பாத்துதான் கொடுத்தேன். டிரைவரும் படிச்சார்."

"இப்ப நானும் படிக்கிறேன், கேளு. 'பெருமதிப்பிற்குரிய சிறப்பு விருந்தினருக்கு நூற்றாண்டு அன்புக் காணிக்கை. இங்ஙனம், பொது மேலாளர்.' சொல்லு, இதை எந்தப் பெட்டியில போடறது?"

மாஸ்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

உண்மையான டோக்கன் வெளியே இருக்கிற வரை இரண்டு பெட்டிகளும் திறக்காது. வண்டி போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் பெட்டிகளைப் பொறுத்தவரை அது இன்னும் தண்டவாளத்தில்தான் இருக்கிறது. மேட்டில் பாசஞ்சர் காத்திருந்தது. பள்ளத்தில் கூட்ஸ் காத்திருந்தது. அதன் பக்கத்திலேயே, விருந்துக்குத் திரும்பி வர வேண்டிய பொது மேலாளரும்.

போனில் அவருடைய குரல் பின்னணியில் கேட்டது. "தண்டவாளம் காலியா இருக்குன்னு எனக்கே தெரியுது. நான் சொல்றேன், வண்டியை எடுங்க."

"விதி இருக்கு சார். பொது மேலாளரே நேர்ல வந்து சொன்னாலும் டோக்கன் இல்லாம வண்டி நகரக் கூடாதுன்னு."

"எந்த முட்டாள்யா அப்படி எழுதினது?"

பள்ளத்து மாஸ்டரின் குரல் இன்னும் பணிவானது.

"விதிப்புத்தகத்து முதல் பக்கத்துலயே போட்டோ இருக்கு சார். அப்ப உங்களுக்கு மீசை கறுப்பு."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மாஸ்டரம்மா சிரிக்கவில்லை. அடுத்த விதியும் அவருக்குத் தெரியும். பொது மேலாளருக்கும் ஞாபகம் வந்துவிட்டது. போனைப் பிடுங்கிப் பேசினார்.

"டோக்கன் தொலைஞ்சா ரெண்டு முனை மாஸ்டர்களும் சஸ்பெண்ட். அதுவும் நான் எழுதினதுதான். சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா டிரான்ஸ்ஃபரை ரெண்டு பேரும் கனவுல வாங்கிக்கோங்க."

போன் வைக்கப்பட்டது. மாஸ்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். "இத்தனை வருஷம் எழுதி எழுதி வாங்கினது சார். ஒரு போட்டோவுல போச்சு."

"டோக்கன் விருந்தினர்கிட்டதானே இருக்கணும்? கார் எங்கே இருக்கும்?"

"அவர் காருக்கு முன்னாடியும் பின்னாடியும் சைரன் போகுது. நேர் ரோடு. இந்நேரம் அடுத்த ஊரைத் தாண்டியிருப்பார்."

அப்போது இரண்டாவது போன் அடித்தது. ரயில்வே கேட்டிலிருந்து கேட்மேன்.

"அம்மா, என்னாச்சு? ஸ்பெஷல் என் கண்ணு முன்னாடி போயி எவ்வளவு நேரமாச்சு, கேட் சாவி இன்னும் விடுபடலை. டோக்கன் பெட்டிக்குள்ள போனாத்தானே சாவி வரும்? இங்க லாரி, டிராக்டர் எல்லாம் நிக்குது. முன்னாடி ஒரு பெரிய காரு. சைரனை நிறுத்தாம அடிக்கிறாங்க, காது போகுது. திறன்னு மிரட்டறாங்கம்மா."

மாஸ்டரம்மா மெதுவாக எழுந்தார்.

"காருக்குள்ள யாரு?"

"கோட்டு சூட்டு. மடியில ஒரு சிவப்பு வெல்வெட் பெட்டி."

மாஸ்டரம்மா என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். மேட்டிலிருந்து கிளம்பும் நெடுஞ்சாலை நூல் பிடித்தது போல நேராகப் போகிறது. ரயில் பாதையும் நேராகப் போயிருந்தால் இரண்டும் சந்தித்திருக்கவே வேண்டாம். அந்தத் தொப்பை வெளியே தள்ளிக்கொண்டு வந்து சாலையை மறிக்கிற இடத்தில்தான் கேட். ரெண்டாவது வரிசையில் உட்கார வைக்கப்பட்ட ஒரு சம்பந்தி, இத்தனை காலம் கழித்து ஒரு பெரிய மனிதரை முதல் வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். கேட்டைத் திறக்கிற சாவி அவருடைய மடியிலேயே இருந்தது.

"காரைத் திரும்பி வரச் சொல்லுங்க," என்றேன்.

"பின்னாடி லாரி நிக்குதே. நான் இடத்தை விட்டு நகர முடியாது. நீங்க போறீங்களா சார்?"

டிக்கெட் கிளார்க்கின் மொபெட்டில் போனேன். காரைச் சுற்றி டிராக்டர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "யாரா இருந்தா என்னப்பா, கேட்டுக்கு எல்லாரும் ஒண்ணுதான்," என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். கேட்மேன் பூட்டின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் பணிவாக விஷயத்தைச் சொன்னேன். விருந்தினர் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குக் கொடுத்த கௌரவத்தைத் திரும்பக் கேக்கறீங்களா? மேடையில வெச்சுக் கொடுத்தது."

"தவறுதலா மாறிடுச்சு சார். இது நிஜமான டோக்கன்."

"நிஜமானதுன்னா ரொம்ப நல்லது. எனக்கு நிஜமானதுதான் வேணும்."

வெயில் ஏறியது. விருந்தினருக்குப் பொழுது போகவில்லை. பெட்டியைத் திறந்து, பையிலிருந்து பித்தளையை வெளியே எடுத்து, தூரமாகப் பிடித்துக் கண்ணைச் சுருக்கி வாசித்தார்.

"மேடு, பள்ளம்." திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றுமில்லை. "என்னய்யா இது? என் பேர் எங்க?"

"இதுல இல்ல சார்."

"இவ்வளவு தூரம் வந்து, அவன் பேச்சையும் உக்காந்து கேட்டதுக்கு, மேடு பள்ளம்னு எழுதிக் கொடுத்திருக்கானா? ரோடு கான்ட்ராக்டர்னு நெனச்சானா என்னை?"

"உங்க பேர் போட்டது பள்ளத்து ஸ்டேஷன்ல இருக்கு சார். பெருமதிப்பிற்குரியன்னு தொடங்குது. நீங்க போற வழிதான். இதைக் கொடுத்தீங்கன்னா கேட் திறக்கும், போய் அதை வாங்கிக்கலாம்."

"பெருமதிப்பிற்குரியன்னா போட்டிருக்கு?"

"பெரிய எழுத்துல."

மொபெட் திரும்பி வந்தபோது மாஸ்டரம்மா நடைமேடை விளிம்பிலேயே நின்றிருந்தார். டோக்கனை வாங்கி, வாசித்து, பெட்டிக்குள் போட்டார். 'டக்' என்று ஒரு சத்தம். பிறகு குமிழை அழுத்தினார். கடைசியில் ஒரு விநாடி நிறுத்தி, அந்த இன்னோர் அடி. உடனே பள்ளத்திலிருந்து பதிலாக இங்கே பெட்டியின் மணி ஒரே ஒரு தடவை அடித்தது.

"இன்னும் சாப்பிடலையாம்," என்றார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது.

பள்ளத்தில் இரண்டாவது பரிசளிப்பு விழா நடந்ததாகக் கேள்வி. மேடை இல்லாததால் பொது மேலாளர் கூட்ஸ் வண்டியின் முன்னால் நின்று கொடுத்தாராம். போட்டோகிராபரைப் பக்கத்தில் அண்ட விடவில்லை.

சிறப்பு ரயில் திரும்பி வந்தபோது விருந்து ஆறிப் போயிருந்தது. வேறு ஆளை உட்கார வைத்துவிட்டுப் பள்ளத்து மாஸ்டரும் அதில் வந்து இறங்கினார். கணவனும் மனைவியும் சேர்ந்து நிற்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். இருவருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பொது மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார்.

"டோக்கன் கிடைச்சது உங்க நல்ல நேரம். ஆனா அலட்சியம் அலட்சியம்தான். சம்பவ அறிக்கை எழுதுங்கம்மா."

"எழுதறேன் சார்," என்றார் மாஸ்டரம்மா, மிகப் பணிவாக. "டிரைவர் கையில வளையம் கொடுத்தவர் பேரை முதல் வரியில எழுதணும்னு உங்க விதி. உங்க பட்டமெல்லாம் சேத்து எழுதட்டுமா, பேர் மட்டும் போதுமா?"

பொது மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"அறிக்கை எதுக்கும்மா? சம்பவம்னு என்ன நடந்தது இப்போ?"

"ஒண்ணும் நடக்கலையா சார்?"

"ஒண்ணும் நடக்கலையே. நூற்றாண்டு விழா நடந்தது."

"அப்ப அந்த டிரான்ஸ்ஃபர்?"

"அதை எடுத்துட்டு வாங்கன்னுதானே கூப்பிட்டேன்!" என்றார் பொது மேலாளர், ஏதோ அவர்கள்தான் தாமதம் செய்வது போல. அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

மலர் வெளிவந்தது. அட்டையில் பொது மேலாளர் டிரைவரிடம் வளையம் கொடுக்கும் படம். எந்த வளையம் என்று பார்த்தால் தெரியாது. வளைவைப் பற்றிய என் பத்தியில் 'சம்பந்தி' என்ற சொல்லை அடித்துவிட்டு 'இயற்கை' என்று போட்டிருந்தார்கள். பதவி நீட்டிப்பு வந்ததா என்று கேட்காதீர்கள். கோப்பு நகரவில்லை என்று மட்டும் கேள்விப்பட்டேன். டோக்கன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அச்சுப் பிரதியைக் கொடுக்க மேட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மாஸ்டரம்மா பகல் ஷிஃப்டில் இருந்தார். இரவு வேலை முடிந்த கணவர், அறைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்த குவார்ட்டர்ஸில் தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை சுவரைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. "போன்ல கேட்டதைவிட நேர்ல மோசம் சார்," என்றார் பெருமையாக.

ஒரு பாசஞ்சர் புறப்பட்டது. குமிழை அழுத்தினார். பழக்கதோஷம், முடித்து ஒரு விநாடி நிறுத்தி, இன்னோர் அடியும் அடித்துவிட்டார். உடனே போன் அலறியது. பள்ளத்துக்குப் புதிதாக வந்திருந்த மாஸ்டர்.

"மேடம், கடைசியா ஒரு அடி வந்துதே, என்ன வண்டி அது? புத்தகம் பூராத் தேடிட்டேன், இல்லையே!"

"வண்டி இல்ல மாஸ்டர்." மாஸ்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாப்பிட்டாச்சான்னு கேட்டுட்டேன்."

மறுமுனையில் அந்த மனிதர் மறுபடி புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றது. குமிழின் சத்தம் அங்கேயும் கேட்டிருக்கிறது.

"ஆச்சு! ஆச்சு!" என்று தூக்கக் குரல் ஒன்று கத்தியது. "நீ சாப்பிடு முதல்ல!"